கருப்பூர் எடை மேடை

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தேன்,
வளைவே வேண்டாம் என்பவரிடம்.

"லாரிக்காரன் படிக்கணும்மா.
ராத்திரியில, மழையில, தூக்கக் கலக்கத்துல.
பூப்போட்ட எழுத்தெல்லாம் வேண்டாம்.
பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போகணும்."
செங்கோடன் மேசையில் வெள்ளைக்கல் தூசி
ஒரு விரற்கடை படிந்திருந்தது.
அதில் ஒரு ட போட்டுக் காட்டினார்.
ஒரு சுவர், ஒரு தரை.
"இப்படி."

என் தொழிலிலும் எடை என்றுதான் சொல்வோம்,
கோட்டின் தடிமனை.
மெல்லியது, நடுத்தரம், தடித்தது,
அதற்கும் மேலே
கணினி பெயர் வைக்காத ஒன்று.
அவருக்கு அது.

ப உடனே வந்து நின்றது,
மூடியில்லாத டிப்பர் மாதிரி.
ட இரண்டு தடவை, கூலி கேட்காமல்.
எ வயிற்றைத் தள்ளிக்கொண்டு முரண்டியது;
நாலு மூலை வெட்டி அடக்கினேன்.
ஐகாரத்தின் இரட்டைச் சுழியை
இரண்டு நட்டாக மாற்றினேன்,
ஆறு பட்டை, நடுவே துளை.
ஸ்பேனர் கொடுத்தால் திருகலாம்.

ஓலை கிழியுமென்று பயந்து
வளைந்தவை என்பார்கள் நம் எழுத்துகளை.
பத்து மில்லி தகட்டுக்கு என்ன பயம்?
பயம் என் மணிக்கட்டில்தான் இருந்தது.
எந்தக் கோட்டை நேராக இழுத்தாலும்
கடைசியில் கொஞ்சம் குழைந்தது.

பூப்போட்ட எழுத்து வேண்டாம் என்றவரின்
ஊர்ப்பெயரிலேயே
ஒரு பூ.
மூன்று நாள் அதன் வால் மடங்கவில்லை.
நான்காம் நாள் வீடு திரும்பும்போது
ஒன்பதாவது வளைவில்
எதிரே வந்த பஸ்ஸுக்கு ஸ்கூட்டரை ஒடித்துத் திருப்பினேன்.
சாயாமல், வெட்டி.
அங்கேயே நிறுத்திவிட்டு
பெட்ரோல் பில்லின் பின்பக்கம் வரைந்தேன்.

இரும்பாலை ரோட்டுப் பட்டறையில்
இருதயம் என்ற பெயர்கொண்டவர் வெட்டினார்.
நீலத் தீ, தண்ணீர்த் தொட்டி,
செருப்பைத் தேடிவரும் பொறி.
க விழுந்தது. ரு விழுந்தது.
புள்ளி மட்டும் தனியாக,
நாலு அங்குலச் சதுரமாக,
கழிவுத் தகட்டோடு கழிவாக.

"ரெண்டு துண்டுக்காக ராடு வச்சு வெல்டு பண்ணணுமா?
படிக்கிறவன் படிச்சுக்க மாட்டானா?"

"படிங்க."

"கரு... பபூ... ர..."
முகமூடியை ஏற்றிவிட்டுச் சிரித்தார்.
குனிந்து கழிவுக்குள் கைவிட்டுத் தேடினார்.

கம்பத்தில் ஏற்றுமுன்
எழுத்துகளை மேடையிலேயே இறக்கினோம்.
செங்கோடனுக்கு ஆசை,
தன் பெயர்ப்பலகைக்குத் தானே சீட்டுக் கிழிக்க.
நூற்று எண்பது கிலோ.
புள்ளிகளை எடுத்துவிட்டுப் பார்த்தோம்.
நூற்று எண்பது.
மறுபடி வைத்தோம்.
நூற்று எண்பது.
"பத்து கிலோவுக்குக் கீழே இதுக்குக் கண்ணு தெரியாதும்மா,"
என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
சுரங்கத்துத் தூசி
ஒவ்வொரு எழுத்தின் தோளிலும் ஏறியிருந்தது.
உருண்டையாக இருந்திருந்தால் வழிந்திருக்கும்.
இது ஏந்திக்கொள்கிறது.
நான் வரையாத ஒரு தடிமன்
மழை வரும்வரை வளரும்.

அப்போது ஒரு பதினாறு சக்கர வண்டி
தூரத்திலேயே வேகம் குறைத்து
மேடையேறி நின்றது.
"ஒடிசாக்காரன்," என்றார் செங்கோடன்.
"தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது அவனுக்கு.
பாரு, எப்படி நின்னான்!"

பாராட்டுத்தான்.
ஏனோ அந்த இரண்டு புள்ளிகளையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது போன் வந்தது.
அரிசி ஆலைக்காரராம்.
"அதே எழுத்து எங்களுக்கும் வேணும்,
அதே கனம், அதே மூலை."
எந்த ஊர் என்றேன்.

"வாழப்பாடி."

ழ.

மலையைப் பார்த்தேன்.
ஒன்பதுக்கு மேலே
இன்னும் பதினோரு வளைவு இருக்கிறது.